மின்னியது சாதாரணப் பொட்டாசியம்

லேசர்க்காரர் என்றால்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் அவரைத் தெரியும். எட்டு வருடமாக ஒப்பந்த வேலை. ஆண்டுக் கடைசி வந்தால் வீட்டில் மனைவிக்குத் தூக்கம் போய்விடும்.

வேலை சொல்வதற்கு எளிது. துகள் முடுக்கியிலிருந்து வரும் கதிரியக்கப் பொட்டாசிய அணுக்களைக் காற்றில்லாத எஃகுப் பெட்டிக்குள், ஆறு பக்கமும் லேசரால் நெருக்கி அந்தரத்தில் நிறுத்தவேண்டும். சற்றைக்கெல்லாம் அவை பீட்டா சிதைவில் உடையும். ஒரு துகள் இந்தப் பக்கம் பாயும், கண்ணுக்கு அகப்படாத நியூட்ரினோ அந்தப் பக்கம் நழுவும், மிச்ச அணு பின்னால் எகிறும். எது எந்தத் திசையில் போனது என்று கணக்கெடுத்தால் பழைய கோட்பாடு சரியா தப்பா என்பது தெரியும். தப்பாக இருக்கவேண்டும் என்பது ஆய்வுக்கூடத் தலைவரின் நெடுநாள் ஆசை. கோட்பாடுதான் அசைந்து கொடுக்கவில்லை.

அன்று மாலை, நிதி தரும் பெரியவர் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் மனம் குளிர்ந்தால் லேசர்க்காரருக்கு நிரந்தர வேலை என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் கதிரியக்க அணுக்கள் கொஞ்சம்தான். திரையில் மங்கலாக ஏதோ தெரியும்.

“இதைக் காட்டினா அந்த மனுஷன் கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சிடுவாருய்யா. நல்லா மின்னுற மாதிரி எதையாவது வை” என்றார் தலைவர்.

லேசர்க்காரர் கதிரியக்க அணு வரும் வழியை அடைத்தார். லேசரின் அதிர்வெண்ணைத் துளி நகர்த்தி, சாதாரணப் பொட்டாசியத்தை நிரப்பினார். அது பரம சாது. எத்தனை யுகமானாலும் உடையாது. திரையில் அணுக்கூட்டம் ஒரு பொட்டாக ஜோராக மின்னியது. பெரியவர் கைதட்டினார், படம் எடுத்துக்கொண்டார், தொட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

“உனக்கு நிரந்தரம்தான்யா, போ” என்று தலைவர் முதுகில் தட்டியதும் லேசர்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் பறந்தார். மனைவி தன் அக்காவுக்குச் சொல்ல, அக்கா ஊருக்கே சொல்லிவிட்டாள். அடைத்த வழியைத் திறக்கவேண்டும் என்பதை அவர் சுத்தமாக மறந்துபோனார்.

காலையில் போனால் ஆய்வுக்கூடமே அமர்க்களப்பட்டது.

“சிதைவு நின்னுபோச்சுய்யா! ராத்திரி முழுக்க ஒண்ணுகூட உடையல!” தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மாபெரும் செய்தி என்று பத்திரிகைக்காரர்களையும் அழைத்தாகிவிட்டது. சுற்றி நின்ற முனைவர்களில் ஒருவருக்காவது பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்கத் தோன்றவேண்டுமே! பொட்டுதான் மின்னுகிறதே, பிறகென்ன.

அடைத்தது அடைத்தபடி இருப்பதை லேசர்க்காரர் பார்த்தார். சத்தமில்லாமல் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வேலையும் கைக்கு வந்துவிடும். ஆனால் தலைவர் உலகத்தின் முன்னால் நின்று உளறப்போகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு மனசு வரவில்லை. தலைவரின் அறைக்குப் போனார்.

“ஐயா, உள்ள இருக்கறது நேத்து விருந்தாளிக்காக வச்ச சாதாரணப் பொட்டாசியம். மாத்த மறந்துட்டேன்.”

டை கட்டிக்கொண்டிருந்த தலைவரின் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்தது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“நம்ம ரெண்டு பேருக்குத்தாங்க.”

தலைவர் டையை இறுக்கிக்கொண்டு, லேசர்க்காரரையும் இழுத்துக்கொண்டு வெளியே பத்திரிகைக்காரர்களிடம் போனார். “நம்ம பெட்டி எவ்வளவு சுத்தம்னு பார்க்க, உடையாத அணுவை ராத்திரி முழுக்க வச்சுச் சோதிச்சோம். ஒரு பொய்யான சமிக்ஞைகூட வரல. இந்தச் சோதனைக்குத் திட்டம் போட்டவர் இதோ, இவர்தான்!”

கேமராக்கள் லேசர்க்காரர் பக்கம் திரும்பின. சாயங்காலமே நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது.

“எட்டு வருஷம் மாடா உழைச்சீங்க. அந்த உழைப்பை இப்பவாவது பார்த்தாங்களே” என்று மனைவி கண்கலங்கினாள்.

உழைப்பை எவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, மறந்ததற்குத்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல வாயெடுத்தார். வேலை போனால் போகட்டும் என்று காலையில் உண்மையைச் சொன்ன வாய்க்கு, வேலை கிடைத்தபின் அது வரவில்லை.

“ஆமாம்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.