டப்பாவிலிருந்து நான் எடுத்த மாத்திரை

என் மகளின் மாத்திரையை அவளுக்குத் தெரியாமல் நிறுத்தியவள் நான்தான். அவள் மறக்கவில்லை. நான் எடுத்தேன்.

உங்களிடம் சொல்கிறேன்... அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கயல்விழிக்குப் பத்தொன்பது வயதில் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. அதைச் சாப்பிட்டுக்கொண்டு கருத்தரிப்பது சிக்கல் என்றார் மருத்துவர். நான்கு வருடம் கழித்து பட்டுக்கோட்டையிலிருந்து வரன் வந்தபோது, அந்தச் சொல்தான் என்னை அரித்தது.

அடுத்த வீட்டு மல்லிகா அக்காவிடம் புலம்பினேன். "எங்க வீட்டுக்காரருக்குப் படபடப்பு நின்னதே மருதம்பட்டைக் கசாயத்துலதான் டீச்சர். ஆத்தங்கரையில மரம் சும்மா நிக்கிது, நீங்க என்னடான்னா புள்ளைக்கு மாத்திரையாக் கொட்டுறீங்க!"

நான் வேதியியல் ஆசிரியை. கேட்டதும் நம்பிவிடுவேனா? தேடிப் படித்தேன். நெஞ்சுவலிக்கும் பலவீனமான இதயத்துக்கும் மருதம்பட்டை ஓரளவு உதவக்கூடும் என்றன சில சிறிய ஆய்வுகள். உலோக வால்வில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் என்று எதிலும் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவே இல்லை! அந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து என்ற வரி மட்டும் கண்ணில் பட்டது. இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும்... எதை நிறுத்தினேன் பாருங்கள்!

வாராவாரம் மாத்திரை டப்பாவை நிரப்புவது நான். அந்த ஒன்றை எடுத்துவிட்டு, அதே அளவில் ஒரு வைட்டமின் மாத்திரையை வைத்தேன். கசாயத்தை உடம்புக்குச் சத்து என்று கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, தலை பின்னிக்கொண்டிருந்தவளின் வலக்கை துவண்டு விழுந்தது. பேச்சு குழறியது.

தஞ்சாவூர் மருத்துவமனையில் கேட்டார்கள், "மாத்திரைய விட்டீங்களா?"

"தெரியலையே சார்" என்றேன்.

மூன்றாம் நாள் பேச்சு திரும்பியதும் அவளிடமே கேட்டார்கள். "நான்தான்... மறந்திருப்பேன் சார்" என்றாள்.

"படிச்ச புள்ளைக்கு ஒரு மாத்திரையை ஞாபகம் வச்சுக்கத் தெரியல!" என்று அவள் அப்பா கத்தினார். "விடுங்க, பாவம்" என்று நான் தடுத்தேன். நான்! எப்படி முடிந்தது என்னால்?

வரன் போயிற்று. அவள் விரல்கள் இன்னும் பேனாவைப் பிடிப்பதில்லை. உண்மையைச் சொன்னால் இனி என் கையால் ஒரு வாய் தண்ணீராவது வாங்குவாளா? இது அவளுக்கான பயமா, எனக்கானதா?

தினமும் மாலை ஆறு மணிக்கு மாத்திரையை இடக்கையில் ஏந்தி என் முன்னால் வந்து நிற்கிறாள்.

"நீயே பாரும்மா, போட்டுக்கிறேன். இனிமே உன்னைப் பயமுறுத்த மாட்டேன்."

நான் தலையை ஆட்டுகிறேன்.