அக்காவின் காலும் அடுத்தவள் முகமும்

அக்கா பதினெட்டு வருஷம் ஒரே நடனக் குழுவில் மூன்றாவது வரிசையில் ஆடினாள். டிவியில் நீங்கள் அவளைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்கு முக்கியக் காரணம் நான். அந்த நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டும் எடிட்டர் நான்தான்.

என் தொழிலைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆடுகிறவள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஆடுகிறாள். நாங்கள் என்ன செய்வோம்? தாளம் சூடு பிடித்ததும் முகத்துக்குத் தாவுவோம். அவள் சுழன்றால் கூரையிலிருந்து கிரேன் கேமரா வகிட்டைக் காட்டும். காலைத் தூக்கும் நொடியில், முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் தலையாட்டுவதைச் செருகுவோம். அவர் ஆட்டியது வேறு எதற்கோ. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்காகக்கூட இருக்கலாம். இந்தக் கண்றாவிக்கு எங்கள் ஸ்டூடியோவில் விறுவிறுப்பு என்று பெயர். அரங்கின் பின்சுவரை ஒட்டி, அசையாமல், மேடை முழுவதையும் எடுக்கும் கேமரா ஒன்று உண்டு. வைட் என்போம். மற்றவை சொதப்பினால் உதவட்டும் என்று வைப்பது. அதைச் சீந்துவாரில்லை. நிகழ்ச்சிக்குச் சேனலின் சம்மதம் கிடைத்த அன்றே வைட்டை அழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

குழு முதலாளியின் மகள் முதல் வரிசையில், நடுவில் நிற்பாள். கொள்ளை அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் அவள் காலுக்கும் தாளத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"முகம் பாப்பாவோடது இருக்கட்டும். காலுக்கு உங்க அக்காவைக் கூப்பிடுங்க" என்றார் டைரக்டர்.

அக்காவின் கால் நகங்களுக்குப் பாப்பாவின் சிவப்புச் சாயத்தையே பூசினார்கள். பாப்பாவின் பாவாடையையே உடுத்திவிட்டார்கள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்தார்கள். ஏழு விநாடி. ஒட்டிய இடம் தெரியாமல் நான்தான் ஒட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு. த்தூ!

ஒளிபரப்பானதும் பாப்பாவின் காலைப் புகழாதவர் இல்லை. அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம்.

"நீ எங்கடி?" என்றார் அத்தான்.

"இப்பப் போச்சே, அதுதான்."

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டியே!" என்று அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவ எழுந்து போனேன்.

நாற்பத்தோரு வயதானதும் குழுவில் அவளுக்கு இது கடைசி வருஷம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பள்ளியில் நடன ஆசிரியை வேலை காலி இருந்தது. ஆடிய பதிவு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"அன்னிக்கு ஃபுல்லா எடுத்தது இருக்கும்ல? அந்தப் பின்னாடி கேமராவுல நான் தெரிவேனே" என்றாள் அக்கா.

"அழிச்சுட்டேன்கா. எப்பவும் அழிக்கறதுதானே."

"பதினெட்டு வருஷத்தையுமா?"

ஆமாம். எல்லாவற்றையும். இந்தக் கையால்தான்.

வேறு வழியில்லாமல் ஒளிபரப்பான நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டு, நானும் கூடப் போனேன். பள்ளித் தலைமையாசிரியை கடைசிவரை பார்த்தார்.

"பிரமாதம். இதுல நீங்க எங்கம்மா?"

"அந்தக் கால் என்னோடது."

"மூஞ்சி வேற பொண்ணு மாதிரி இருக்கே?"

"மூஞ்சி அவங்களோடது."

பக்கத்தில் இருந்த பள்ளி அலுவலக மேனேஜர் சிரிப்பை இருமலாக்கினார். தலைமையாசிரியை பேனாவை மூடினார். "கால் மட்டும் வந்து பாடம் எடுக்குமா?"

அக்கா செருப்பைக் கழற்றி, வலது காலை நாற்காலியின் மேல் வைத்தாள். எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த இரண்டாவது விரல், மூன்றாவதின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் அந்த ஏழு விநாடிக்குப் போய்த் திரையில் படத்தை நிறுத்தினேன். அதே விரல்.

தலைமையாசிரியை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஆடிக் காட்டுங்க. நிர்வாகத்துக்கு அனுப்பணும். சார், போன்ல எடுங்க."

மேசை நாற்காலியை ஒதுக்கினோம். பாட்டு இல்லை. நான் மேசையில் தாளம் தட்டினேன். அக்கா ஆடத் தொடங்கினாள். மேனேஜர் போனோடு ஒரு அடி முன்னால் வந்தார். இன்னொரு அடி. கால் வேகம் பிடித்தபோது அவர் போன் அவள் மூக்குக்கு முன்னால் இருந்தது. எங்களைப் பார்த்து ஊரே இப்படித்தான் பழகியிருக்கிறது.

அக்கா தாளம் தப்பாமல் சொன்னாள்: "சார், பின்னாடி போங்க. சுவத்துல முதுகு ஒட்டற வரைக்கும் போங்க. கால் கீழ இருக்கு."

எந்தக் கேமராவிடமும் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை. மேனேஜர் திருதிருவென்று விழித்து, பின்வாங்கி, சுவரில் சாய்ந்துகொண்டார். அதன்பிறகு அவர் நகரவில்லை. அந்தப் பதிவில் அக்கா முழுசாக இருக்கிறாள். வேலையும் கிடைத்தது.

போன வாரம் டைரக்டர் என் அறைக்கு வந்தார். அக்கா போனதில் வருத்தம்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த மாதிரி கால் வேற யாராவது இருந்தா சொல்லுங்களேன். மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவாயில்ல."