பச்சை பிடித்த காசு

பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது என்று சொல்லி ஒருவன் செப்புக்காசு விற்றுக்கொண்டிருந்தான். அவன் காலடியில் இருந்த பக்கெட்டின் மூடியைத் தூக்கினேன். உப்பு வாரிய பிறகு உப்பளப் பாத்தியில் மிஞ்சுமே, அந்தக் கசப்புத் தண்ணீரின் வாடை. உள்ளே காசுகள் ஊறிக்கொண்டிருந்தன.

"பழைய சாமான் கடையில வாங்கினதுங்க. பச்சை பிடிச்சாத்தானே கப்பல் காசுன்னு நம்புறாங்க" என்று கூசாமல் சிரித்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மரக்காணத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அதே தண்ணீர் ஒரு பானையில் இருந்தது. உப்பளத்தில் வேலை பார்த்த அப்பா, கால் புண்ணுக்கு என்று கொண்டுவந்து வைத்திருந்தார். "கை வெக்காத, எரியும்" என்பார்.

புயல் ஓய்ந்த ஒரு காலையில் என்னை மட்டும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். "புயலுக்குக் கப்பல் காசு ஒதுங்கியிருக்கும், அந்தாண்ட தோண்டிப் பாரு" என்றார். மணலுக்குள் பச்சைப் பச்சையாகக் காசு! சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

அன்று மாலையே இடையஞ்சாவடியில், தமிழ் தெரிந்த ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுக்குப் போனோம். "எப்படிக் கெடச்சிதுன்னு நீயே சொல்லும்மா" என்றார் அப்பா. மூச்சுவிடாமல் சொன்னேன். என் தலையைத் தடவிக்கொண்டே, "எம் பொண்ணுக்குப் பொய்யே வராதுங்க" என்றார். அந்தம்மா அத்தனை காசையும் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அப்பா செத்தபோதுகூட அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதேன்.

பக்கெட்டை மூடினேன். வெள்ளைக்காரம்மாவை ஏமாற்றினார், அது போகட்டும். எனக்குப் பொய் வராது என்று தெரிந்துதானே, அந்த மனுஷன் காசை மணலில் புதைத்து என்னையே தோண்ட வைத்திருக்கிறார்!