பிஸ்தா மரத்துக்கு ஜாமீன்

ஈரானில் தாம்கான் பக்கத்தில், காய்க்காத மரத்தைக் கோடாலி காட்டி மிரட்டுவார்கள். யாராவது குறுக்கே வந்து, அடுத்த வருஷம் காய்க்கும் என்று அதற்காக ஜாமீன் நிற்க வேண்டும். யதுல்லா வீட்டு முற்றத்துப் பிஸ்தாவுக்கு வருஷா வருஷம் ஜாமீன் நிற்பது அவர் மனைவி கோஹர்.

இந்த வருஷம் அவர் ஓங்கிய கோடாலி ஓங்கியபடியே நின்றது. கோஹர் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வரலையா? கை வலிக்குது."

"வெட்டுங்க. எனக்கு அலுத்துப்போச்சு. விதையில முளைச்ச ஆண் மரம் அது, பூக்குமே தவிர காய்க்காது. அடுத்த வீட்டுப் பெண் மரத்துல ஒரு மொட்டு வாங்கி ஒட்டுப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் போட்ட விதைக்கு அடுத்த வீட்டு மொட்டா?"

"அப்ப வெட்டுங்க."

யதுல்லா மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நீ தடுக்காம நான் எப்படி வெட்டாம இருக்கிறது, கோஹர்?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

"விட்டுடுங்க. வர்ற வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு."

வழக்கமான வார்த்தைகள்தான், ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்; மரத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.