பின்கழுத்து

ஹமீதுன்னிசாவுக்கு எந்த சீரியலின் கதையும் தெரியாது. கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடி வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து ரவிக்கை தைக்கிறாள். பொழுது சாய்ந்ததும் டிவி ஓடத் தொடங்கிவிடும். அவள் பார்ப்பது கழுத்து, கை, பார்டர் வைத்த விதம். நேற்று அந்த மருமகள் போட்டிருந்தாளே, அது மாதிரி என்று மறுநாள் காலை யாராவது துணியோடு வந்து நிற்பார்கள்.

முன்கழுத்து சுலபம். பின்கழுத்துதான் சிக்கல். சந்தோஷமான காட்சிகளில் எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். யாராவது கோபித்துக்கொண்டு அறையை விட்டுப் போனால்தான் முதுகு தெரியும். அதனால் மாமியார் குரலை உயர்த்தியதும் ஹமீதுன்னிசா மெஷினை நிறுத்திவிட்டு சாக்பீஸை எடுத்துக்கொள்வாள். மருமகள் திரும்பி வாசலைத் தாண்டுவதற்குள் வெட்டுத் துணியில் வரைந்தாக வேண்டும். சில மருமகள்கள் நின்ற இடத்திலேயே அழுதுவிடுவார்கள். அன்றைக்கு அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

மகன் சைஃப் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு மழைக்கும் கேபிள் ஒயர் அறுந்து சந்தில் தொங்கியது. போன வருடம், கேபிளை நிறுத்திவிட்டு இன்டர்நெட்டிலேயே எல்லா சானலையும் பார்க்கலாம் என்றான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். ஓடிக்கொண்டிருந்த சீரியலை அதில் பதிவு செய்தான். மருமகள் திரும்பும் இடத்தில் நிறுத்திக் காட்டினான். முதுகு அசையாமல் நின்றது. ஹமீதுன்னிசா எழுந்து போய், திரையின் மேல் இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்தாள்.

"கேபிள்காரன்கிட்ட நானே சொல்லிடறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடம் தைத்த ரவிக்கைகள் டிவியில் வந்தது போலவே இருந்தன. மந்தைவெளி, லஸ் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். பெட்டி வைத்திருக்கும் டைலர் என்று பெயர் ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை நிஷா வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். முதல் தாவணி ரவிக்கையிலிருந்து இங்கேதான் தைக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ரிசப்ஷன். பச்சைப் பட்டை மேஜையில் வைத்தாள். முந்தின நாள் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றை நேரலையாகக் காட்டினார்கள். அதைத் தொகுத்து வழங்கிய பெண் கடைசியில் விரித்த முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மேடையில் ஓடினாளாம். அப்போது தெரிந்த முதுகுதான் வேண்டும். எப்படி இருந்தது என்று சொல்ல மட்டும் வரவில்லை.

"பாத்தவுடனே இதுதான்னு தோணிச்சுக்கா. வேற எதுவும் வாணாம்."

"நீ சொல்லவே வாணாம், பெட்டில கீது," என்றாள் ஹமீதுன்னிசா. "வெள்ளிக்கெழம அதே முதுகு உனக்கு."

அந்த ஞாயிறு அவள் ஊரில் இல்லை. வாணியம்பாடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நிகழ்ச்சி முடிவதாக அறிவித்திருந்த நேரத்தைப் பெட்டியில் குறித்துவிட்டு, ரிமோட்டைத் தொடக் கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நிஷா போனதும் பதிவைப் போட்டுப் பார்த்தாள். தொகுப்பாளினி முன்பக்கமாகவே நின்றாள். திரும்பியபோதெல்லாம் முடி முதுகை மறைத்தது. வெற்றி பெற்றவர் யார் என்று அறிவிக்கப் போகும்போது படம் முடிந்துபோயிற்று. நேரலை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. பெட்டி சொன்ன நேரத்துக்கு நின்றுவிட்டது.

சைஃப் போனில் தேடினான். பாட்டுகளை மட்டும் துண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள். மறு ஒளிபரப்பு அடுத்த ஞாயிறுதான்.

சந்தில் கேட்டுப் பார்த்தாள். பானைக் கழுத்து என்றாள் பக்கத்து வீட்டு ஜஹீதா. கீழ் வீட்டில் மாங்காய் வடிவம் என்றார்கள். ஆண்களில் ஒருவரும் முதுகைப் பார்த்திருக்கவில்லையாம். ஜஹீதாவின் கணவர் பீர் முஹம்மது கேள்வி முடிவதற்குள்ளேயே தலையை ஆட்டினார்.

"நான் பாட்டைத்தான் பாத்தேன்."

"பாட்ட காதால கேப்பாங்க," என்றாள் ஜஹீதா. "கண்ணால இன்னா பாத்த?"

செவ்வாய்க்கிழமையும் பட்டு வெட்டப்படாமல் கிடந்தது. நிஷாவிடம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண் எதையும் இவ்வளவு உறுதியாகக் கேட்டதில்லை. சாயங்காலம் கணவர் அப்துல் வஹீத் வேலை முடிந்து வந்தார். பாண்டி பஜாரில் சூட்கேஸ் கடையில் சேல்ஸ்மேன். ஹமீதுன்னிசா பட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறன்று வீட்டில் இருந்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார். பிறகு பார்த்தேன் என்றார். சாக்பீஸை வாங்கித் தரையில் கோடு போட்டார்.

"மேல வளைவா ஒண்ணு, பொட்டி கைப்பிடி மாதிரி. கீழ ரெண்டு பட்டி, குறுக்கால. பொட்டிக்குள்ள துணி கலையாம இழுத்துக் கட்டுவோம் பாரு, அது. நடுவுல ஒரு கிளிப்."

"கிளிப்பா?"

"கோல்டு கலரு."

அவள் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் புதுசா இன்னா போட்டுகினு நின்னாலும் கண்ணு தெரியாது உங்களுக்கு."

அவர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாளே விஷயம் ஜஹீதா மூலம் டீக்கடை வரை போய்விட்டது. பீர் முஹம்மது, பாய்க்குக் கண்ணாடியே தேவையில்லை போலிருக்கிறதே என்றார். கிளிப் எந்தக் கம்பெனி என்று ஒருவர் கேட்டார். வஹீத் டீயை ஊதிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஹமீதுன்னிசா தி. நகரில் அலைந்து சின்னதாக ஒரு தங்க நிறக் கொக்கி வாங்கினாள். பட்டிகளுக்குப் புடவையின் பார்டரையே மடித்துத் தைத்தாள். வியாழக்கிழமை நிஷா போட்டுப் பார்த்தாள். முன்னால் ஒரு கண்ணாடி, கையில் ஒரு கண்ணாடி. இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். ஹமீதுன்னிசா கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள்.

"இதேதான்க்கா," என்றாள் நிஷா.

ரிசப்ஷனில் மணப்பெண்ணின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. அவள் பின்னால் இருப்பது பூ அலங்காரம்தான். நிஷா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு மாலையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கை வைத்து நின்றாள். தோழிகள் விசிலடித்தார்கள். மாப்பிள்ளை இரண்டு மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றான். சனிக்கிழமை காலையிலேயே நிஷா மாடல் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறு ஒளிபரப்பைப் பதிவு செய்தாள். முடியும் நேரத்தை நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தாள். கடைசிக் கட்டத்தில் தொகுப்பாளினி முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஹமீதுன்னிசா படத்தை நிறுத்தினாள்.

சாதாரணச் சதுரக் கழுத்து. ஒரு கயிறு, நுனியில் குஞ்சலம். பட்டி இல்லை, கிளிப் இல்லை.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். அவள் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி முகம் தெரியும்படி நிறுத்தினாள்.

"யாரு இது?" என்றார்.

அவள் படத்தை மறுபடி முதுகுக்கு நகர்த்தினாள். அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"தூங்கிட்டேன் ஹமீதா. மொத பாட்டுலயே." தரையைப் பார்த்தார். "நீ பட்ட மடியில வெச்சுகினு உக்காந்துனு இருந்த. எனக்குத் தெரிஞ்சது சூட்கேஸ் பொட்டிதான், அதையே வரஞ்சிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊசி டப்பா கவிழ்ந்து குண்டூசிகள் சிதறும்வரை சிரித்தாள். பக்கத்து ஜன்னலிலிருந்து ஜஹீதா என்னவென்று கேட்டாள்.

"பீர்கிட்டயாவது சொல்லிடு," என்றார் வஹீத் மெதுவாக. "நான் பாக்கலன்னு."

"ரம்ஜான் ஆர்டர் முடியட்டும்," என்றாள். ரிமோட்டை எடுத்துப் பதிவை அழித்தாள்.