கீசர் மேல் போட்ட பழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் டில்லி துவாரகா ஃபிளாட்டின் பாத்ரூமில் ஒரு ஸ்டூல். அதன் மேல் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் ராம்பால். அவர் கையில் கீசரின் மூடி. ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நான். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு என் மனைவி செல்வி.

"பாபி ஜீ, சப் டீக் ஹை" என்றார் ராம்பால். எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஒரு ஒயர்கூடக் கருகவில்லையாம்.

செல்வி விடவில்லை. இன்னொரு தடவை நன்றாகப் பார்க்கும்படி அவரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் திருநெல்வேலித் தமிழுக்கு மாறினாள்.

"என்னங்க, பத்து நாளா பஞ்சு கருகுற மாதிரி வாடை வருது. நீங்களும் மோந்து பாத்தீங்கல்லா?"

"பாத்தேன்."

"வாடை வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

ராம்பால், பாவம், மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கீசருக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும். வாடைக்குக் காரணம் அது இல்லை. காரணம், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆசாமியின் பைஜாமா பாக்கெட்டில் இருந்தது.

என்ன அது? சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது…

கல்லூரிக் காலத்தில் தொடங்கிய சிகரெட்டை ஒன்பது வருஷங்களுக்கு முன்பு நான் விட்டுவிட்டேன். அதாவது, விட்டுவிட்டதாக செல்வியிடம் சொன்னேன். ஏர்போர்ட் பக்கம் ஒரு கார்கோ கம்பெனியில் வேலை. கோடவுனின் பின்பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு மட்டும் உண்மை தெரியும் — தினம் மூன்று. வீட்டுக்கு வருமுன் வாயில் நாலு கிராம்பு. என் பல்லில் பிரச்சினை என்று செல்வி நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த உண்மை தெரிந்த இன்னொரு ஜீவன் என் மைத்துனன் கண்ணன். லண்டனில் இருக்கிறான். லீவுக்கு வந்தவன் கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டுப் பேனா மாதிரி ஒரு சாதனத்தைக் கையில் வைத்தான். "அத்தான், இது வேப், எலக்ட்ரானிக் சிகரெட். இதை வச்சுத்தான் நான் சிகரெட்டை விட்டேன். நீங்களும் விட்டுருங்க" என்றான். கூடவே மாம்பழ வாசனை திரவம் ஒரு பாட்டில். திரவத்தைச் சூடாக்க உள்ளே போடும் கம்பிச்சுருள், அதாவது காயில், இரண்டு.

நம் நாட்டில் இந்த வஸ்துவை விற்பதும் தடை, கொண்டுவருவதும் தடை. இரவு பகலாகச் சரக்குப் பெட்டிகளோடு மாரடிக்கும் எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 'நல்ல காரியத்துக்குத்தானே' என்று வாங்கி வைத்துக்கொண்டேன். தப்புச் செய்கிற ஒவ்வொருவருக்கும் கைவசம் ஒரு நல்ல காரியம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

அது நவம்பர் மாதம். டில்லியில் நவம்பரில் ஜன்னலைத் திறந்தாலே புகைதான். அந்த ஊரில், சொந்தத் தயாரிப்பாக இன்னும் கொஞ்சம் புகையை பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே நின்று விட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாள் மாம்பழம் மணத்தது. ஆனால் தொண்டையில் அந்தப் பழைய 'நறுக்' இல்லை. பேனாவின் அடியில் திருகுகிற சக்கரம் ஒன்று இருந்தது. வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும். கண்ணன் 3.6-இல் வைத்துக் கொடுத்திருந்தான். நான் 4.8-க்குத் திருகினேன். அதற்கு மேல் திருக முடியவில்லை, அதனால் நிறுத்தினேன்.

இழுத்தேன். ஐயோ!

பழைய தலையணையைக் கொளுத்தி, அதன் புகையை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மாம்பழம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர். இருமல் வெளியே கேட்கக் கூடாதே என்று பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். பாளையங்கோட்டையில் படித்து, முதல் வகுப்பில் தேறியவன்.

இயற்பியல் பட்டதாரி யோசித்தான். காயிலை வெளியே எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். '1.2 ஓம்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஓம் என்றால் மின்தடை. ஆக, தடை அதிகம்! மின்சாரம் முட்டி மோதிக்கொண்டு போகிறது, அதனால்தான் கருகுகிறது! தடை குறைந்த காயிலைப் போட்டால் சுமுகமாகப் போகும் அல்லவா? இரண்டாவது காயிலைப் பார்த்தேன். 0.6 ஓம். சரியாகப் பாதி! வோல்டேஜைத் தொடவில்லை. காயிலை மட்டும் மாற்றி, உடனே இழுத்தேன்.

முன்பு கருகியது தலையணை என்றால், இப்போது முழு மெத்தை.

எந்த முட்டாளும் அதோடு விட்டிருப்பான். நான் பத்து நாள் விடாமல் முயன்றேன். பழைய காயில், புதிய காயில், மறுபடி பழையது… காலையில் ஒரு தலையணை, மாலையில் ஒரு மெத்தை. அந்த வாடைதான் ராம்பாலை ஸ்டூல் மேல் ஏற்றியது.

அரை மணி நேரம் குடைந்துவிட்டு, கீசர் இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். "எனக்குத் திருப்தியே இல்ல. புதுசு வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்க செல்வி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புறப்பட்டாள்.

கதவு சாத்தப்பட்டது. நான் மூச்சு விட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு என் மகள் அனு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். நிமிராமலே பேசினாள்.

"அப்பா, பேச்சாரா கீசர், பாவம். அது மேல ஏன் பழி போடறீங்க?"

"என்ன பழி?"

"காட்டுங்க." கையை நீட்டினாள். "பாக்கெட்ல இருக்கிறதை."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த சக்கரத்தைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"அரே, ஃபோர் பாயிண்ட் எய்ட்டா? காயில் எத்தனை ஓம்?"

சொன்னேன். முதலில் ஒன்று புள்ளி இரண்டு, பிறகு புள்ளி ஆறு என்று. தடையைக் குறைத்த என் அறிவியலையும் விளக்கினேன். அவள் வேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… என் கல்லூரிப் பேராசிரியர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க ஃபிசிக்ஸ்தானே படிச்சீங்க? பவர் என்ன? வோல்டேஜ் ஸ்கொயர், டிவைடட் பை ரெசிஸ்டன்ஸ். ரெசிஸ்டன்ஸ் கீழே இருக்குப்பா. அதைப் பாதியாக்கினா சூடு டபுள் ஆகும். குறையாது!"

ரஃப் நோட்டில் விறுவிறுவென்று போட்டுக் காட்டினாள். 4.8-ஐ அதே 4.8-ஆல் பெருக்கி 1.2-ஆல் வகுத்தால் பத்தொன்பது வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காயில் தாங்குவது எட்டிலிருந்து பன்னிரண்டு — பக்கவாட்டிலேயே எழுதியிருந்ததாம். நான் ஓமைப் படித்தேன், வாட்டைப் படிக்கவில்லை. அடுத்து 0.6-க்குப் போட்டாள். முப்பத்தெட்டுக்கு மேல். தாங்குவது இருபத்தைந்து.

"மாமா வெச்ச மாதிரி 3.6-லயே விட்டிருந்தீங்கன்னா ரெண்டு காயிலும் ஓடியிருக்கும்."

எனக்கு ஒரே பூரிப்பு. அந்த இரண்டு நிமிஷம், நான் பிடிபட்ட திருடன் என்பதே மறந்துவிட்டது. என் பெண் எவ்வளவு தெளிவாகப் படித்திருக்கிறாள்! போர்டு பரீட்சையில் இயற்பியலைப் பற்றிக் கவலையே வேண்டாம்!

அவள் நிறுத்தவில்லை. "அதோட, புதுக் காயில் போட்டா உடனே இழுக்கக் கூடாதுப்பா. உள்ளே பஞ்சு இருக்கும். லிக்விட்ல நல்லா ஊறணும். பத்து நிமிஷமாவது வெயிட் பண்ணணும். காய்ஞ்ச பஞ்சுல இழுத்தா அப்படியே தொண்டையைப் பிடிக்கும், இருமி இருமி…"

அங்கே நின்றுவிட்டாள்.

பஞ்சு ஊற வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

 மேஜையில் அவள் எழுதிய கணக்கு. நடுவில் என் வேப். எதிரில் என் பதினேழு வயது மகள், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அனு, உனக்கு இது எப்படித் தெரியும்?"

"ஸ்கூல்ல… வாஷ்ரூம்ல சில பேர் வெச்சிருப்பாங்க."

"நீ?"

 கீழ்த்தளத்தில் யாரோ காருக்கு ரிவர்ஸ் எடுக்கிற பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது முடிந்த பிறகு சொன்னாள்.

"நாலு தடவை. ஒரு ஃப்ரெண்ட் வீட்ல. இப்ப நிறுத்திட்டேன்பா."

நிறுத்திட்டேன்!

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். அதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும், சொல்லும்போது எங்கே பார்க்க வேண்டும், சொன்ன கையோடு எப்படிப் பேச்சை மாற்ற வேண்டும் — எல்லாம் தெரியும். ஒன்பது வருஷப் பயிற்சி. ஆனால் அதைக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. செல்வி இத்தனை வருஷம் இந்த நாற்காலியிலா உட்கார்ந்திருந்தாள்?

கத்த வேண்டும் போலிருந்தது. என்ன சொல்லிக் கத்துவது? அப்பாக்கள் இந்தக் கட்டத்தில் சொல்லும் வசனங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதையும் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. மேஜை மேல் இருந்த வேப்பில் என் எச்சில் இன்னும் காயவில்லை.

கடைசியில் கேட்டேன். "நிஜமாவே நாலுதானா?"

அவள் கண் கலங்கியது. "ஏழு, எட்டு இருக்கும். நீங்க நிஜமாவே சிகரெட்டை விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. தினம் மூணு."

அப்பனும் மகளும் அவரவர் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டோம். எங்கள் வீட்டில் சமீபத்தில் நடந்த யோக்கியமான உரையாடல் அதுதான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க, ப்ளீஸ்" என்றாள். எனக்கும் அதே ஆசைதான். அவள் விஷயத்தை நான் மறைக்கலாம், என் விஷயத்தை அவள் மறைப்பாள். சுலபமான ஏற்பாடு. ஒரு கணம் சபலப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டால் அதன் பிறகு நான் அவளுக்கு அப்பா இல்லை, கூட்டாளி.

"முதல்ல என்னைப் பத்தி நான் சொல்றேன். அப்புறம் நீ சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன்.

செல்வி இரண்டு பைகளோடு வந்தாள். முருங்கைக்காய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேஜையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பையை இறக்காமலே நின்றாள். நான் சொன்னேன் — கோடவுன் சுவர், கிராம்பு, பாத்ரூம், கீசர், எல்லாம். அவள் தம்பியின் பெயரையும் விடவில்லை. அவ்வளவு பெரிய மனது இல்லை எனக்கு.

கேட்டு முடித்தவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"அப்ப உங்களுக்குச் சக்கரை வியாதி இல்லியா?"

விழித்தேன். திரவம் சிந்திய என் பைஜாமாவில் பத்து நாளாக மாம்பழ மிட்டாய் வாசனை அடித்ததாம். ரகசியமாக இனிப்புத் தின்கிறேன், நோயை அவளிடம் மறைக்கிறேன் என்று பயந்து, காபியில் சர்க்கரை போடுவதையே நிறுத்திவிட்டாளாம். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மெத்தையைக் கொளுத்திக் குடித்த நாக்குக்குக் காபி என்ன, கஷாயம் என்ன?

அதற்குப் பிறகு அனு சொன்னாள். பாதி தமிழ், பாதி இந்தி, மீதி அழுகை. செல்வி அவளைத் திட்டவில்லை. பைகளை வைத்துவிட்டு வந்து அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து, "மூச்சு விடு பாப்போம்… இன்னொரு தடவ விடு" என்றாள். டாக்டர் மாதிரி. திட்டெல்லாம் எனக்கு. மிச்சம் இருந்தது லண்டனுக்குப் போனது. "ஏலே கண்ணா, கொண்டு வாரதுக்கு உனக்கு வேற சாமானே கிடைக்கலியால?" என்று தொடங்கியதை மட்டும்தான் நான் கேட்டேன். அதற்குள் பால்கனிக்கு ஓடிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு அரசு மருத்துவமனையில், புகையை விட உதவும் பிரிவுக்கு மூவரும் போனோம். வேப்பை நம்பிச் சிகரெட்டை விடப் பார்த்த கதையைச் சொன்னதும், அங்கிருந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "இரண்டிலும் நிகோடின்தான். நீங்கள் விடவில்லை, மாற்றிக்கொண்டீர்கள்" என்றார். அனுவிடம் தனியே பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. அது போதும்.

என் நிலவரம்? இதற்குள் ஒரு தடவை அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன். அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னேன். செல்வி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "போனதைச் சொன்னீங்கல்லா, அது நல்லது" என்றாள். அனு ஒழுங்காக இருக்கிறாளா? இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். வாரம் ஒரு தடவை நான் அவளைக் கேட்கிறேன், அவள் என்னைக் கேட்கிறாள். கேட்பதற்கு இருவருக்குமே சங்கடம்தான். கேட்காமல் இருப்பதற்கு அது பரவாயில்லை.

மகளைப் பற்றியது என்பதால், இதை எழுதலாமா என்று அவளிடமே அனுமதி கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"தமிழ்லதானே? அப்ப என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் படிக்க மாட்டாங்க. எழுதிக்கோங்க" என்றாள். பிறகு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஆனா வோல்டேஜுக்கு மேல அந்த ஸ்கொயரை விட்டுடாதீங்கப்பா. எனக்கு அவமானமாப் போயிடும்!"