தூங்கிக்கொண்டிருந்த அங்கி

தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். இருபத்தாறு வருடமாக மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கதவைத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். வீட்டில் கேஸ் அடுப்பைக் கழற்றும்போதும் வாயில் அதுதான் வரும்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, குடித்தனம் இரண்டு. சுவிட்சைப் போட்டதும் எதில் நுழைவது என்று கேட்டு ஒரு பட்டியல் வரும்: மேலே அவருடைய லினக்ஸ், கீழே மனைவியின் விண்டோஸ். மனைவி தையற்காரி. துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

ஞாயிறு காலை லினக்ஸின் புதுப் பதிப்பை ஏற்ற உட்கார்ந்தார்.

"உன் பக்கம் எல்லாம் மூடியாச்சா?"

"மூடிட்டேங்க. எத்தனை தடவை கேப்பீங்க?"

ஒன்றரை மணி நேரத்தில் ஏறி முடிந்தது. திரும்பத் தொடங்கினால் பட்டியலைக் காணோம். நேராக லினக்ஸ் வந்து நின்றது.

"ஐயோ, என் விண்டோஸ் எங்கங்க? நாலு மணிக்கு துணி வெட்டுறவங்களுக்கு பேட்டர்ன் அனுப்பணும். பாட்டுக் குழுவுக்கு இருபத்திரண்டு அங்கி!"

"பதறாதே. ஃபைலை இங்கிருந்தே எடுத்துடலாம்."

எடுக்க முடியவில்லை. விண்டோஸ் உறக்கத்தில் இருப்பதால் அதன் வட்டைத் திறக்க முடியாது என்று திரை சொன்னது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ மூடலை. தூங்க வச்சிருக்கே."

"தினமும் அப்படித்தானே வைக்கிறேன்? மறுநாள் விட்ட இடத்துலயே இருக்கும்."

"சேவ் பண்ணினியா?"

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிப் பஞ்சிலிருந்து குண்டூசி ஒன்றைப் பிடுங்கி, அதே இடத்தில் மறுபடி குத்தினாள். சேவ் பண்ணாத நாலு நாள் வேலை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டார்.

"ஒரே வரி கமாண்டுதான், மச்சான். அந்தத் தூக்கத்தை அழிச்சுட்டு ஃபோர்ஸ் பண்ணித் திறங்க."

"சேவ் பண்ணாதது?"

"அது போயிடும். அக்கா திரும்ப வரைஞ்சுக்குவா."

"நீ வந்து வரைடா!" என்றாள் அக்கா, ஸ்பீக்கருக்குக் குனிந்து.

லிஃப்ட்காரர் போனை வைத்தார். "உள்ள ஆளை வச்சுக்கிட்டு ரோப்பை அறுக்கச் சொல்றான்."

பட்டியலைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் தேடினார். புதுப் பதிப்பு, வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று பார்ப்பதையே நிறுத்தி வைத்திருந்தது.

"ஆச்சா?"

"நீ வெளிச்சத்தை மறைக்காம நின்னா ஆகும்."

ஒரு வரியைத் திருத்தி, பட்டியலைப் புதிதாக எழுதவைத்தார். மறுபடி தொடங்கியதும் இரண்டு பெயரும் வந்தன. விண்டோஸ் மெல்ல விழித்தது. திரையில் அங்கி, இடது கையில் பாதிக் கோடு, அதன் நுனியில் அம்புக்குறி.

"தள்ளுங்க." அவர் எழுவதற்குள் நாற்காலியில் பாதி அவளுடையதாகியிருந்தது. முதல் வேலையாக சேவ் செய்தாள்.

அப்புறம் சமையலறையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் வந்தது: "சேவ் பண்ணினியா?"

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பேட்டர்ன் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவள் ஒன்பது தடவை சேவ் செய்திருந்தாள். அதில் ஏழு, அவர் வாயை மூடுவதற்காக.